குதிரைக்கு ஊற்றிய சுவரொட்டிச் சாறு

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கல்யாண ஊர்வலத்தின் நடுவில் எங்கள் வெள்ளைக் குதிரை மாப்பிள்ளையோடு அப்படியே முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு அடி இல்லை, ஜரிகைத் தலைப்பாகைதான் சாக்கடையில் போனது. கல்யாணங்களுக்குக் குதிரையை ஓட்டிப் போவது என் வீட்டுக்காரர். வீட்டுக்கு வந்து, "பட்டாசுக்குப் பயந்துடுச்சு" என்றார். பட்டாசுப் புகையிலேயே வளர்ந்த குதிரை, பயந்ததாம். நான் போய் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு பீங்கான் தட்டு மாதிரி வெளுத்திருந்தது.

வெளுப்பு எனக்குப் பழக்கம். ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் வெளுத்துப் போய்த்தான் உட்கார்ந்திருந்தார். என் மாமனார் தங்கச் சுரங்கத்தில் ஆழத்து லெவலில் பாறை துளைத்தவர். நெஞ்சில் தூசி தங்கிவிட்டது, ரத்தமும் குறைவு. ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் அவர் கீழ்இமையை இழுத்துப் பார்ப்பதைப் பார்த்துப் பார்த்து, காலையில் நானும் அப்படி இழுத்துப் பார்ப்பேன்.

எங்கள் பக்கத்துச் சுரங்கக் குடும்பங்களில் ரத்தம் குறைந்தால் முதல் வைத்தியம் சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரல். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும் என்பதால் கறிக்கடைக்காரரிடம் முன்னாடியே சொல்லிவைத்து, சண்டை போட்டு வாங்கி வருவேன். மிளகு தட்டிப் போட்டுச் சாறு வைத்துக் கொடுப்பேன். கிண்ணம் காலியாகத் திரும்பி வரும். அப்படியும் இமை வெளுப்பாகவே இருந்தது. மனிதர் உடம்பில் எங்கேதான் போகிறது இவ்வளவும் என்று அலுத்துக்கொள்வேன்.

குதிரைக்கு என் வீட்டுக்காரர் கொள்ளு அளவைக் கூட்டினார், வெல்லம் சேர்த்தார், பீட்ரூட் அரிந்து போட்டார். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற மாதிரி பேரீச்சம்பழம் வேறு. அதுவோ நாளுக்கு நாள் துவண்டது. வயிறு வேறு கெட்டுப்போய், சுவரோடு சாய்ந்து நின்றது. அது செத்துவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. "உங்க வைத்தியமெல்லாம் போதும், டாக்டரக் கூட்டினு வாங்க" என்று கத்தினேன்.

பங்காருப்பேட்டையிலிருந்து மாட்டு டாக்டர் வந்தார். கொள்ளு வாளியை மோந்து பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். "இன்னாம்மா இது, மிளகு வாசனை அடிக்குது?"

கையை விட்டுத் துழாவினேன். அடியில் கருப்பாக ஒரு துண்டு. என் சமையல் எனக்குத் தெரியாதா? திரும்பினேன். மாமனார் வாசல் நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாமா இது? புல்லு தின்ற ஜீவனுக்கு இதையா ஊத்துவாங்க?"

"எனக்குத்தான் ஏற மாட்டேங்குது. அதுக்காச்சும் ஏறட்டுமேன்னு வெல்லத்தோட கலந்து ஊத்தினேன்."

கோபம் தலைக்கேறியது. குதிரைக்கு வயிறு கெட்டதற்கா, அவர் பட்டினி கிடந்ததற்கா, எதற்கு முதலில் திட்டுவது என்று தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்தே திட்டினேன்.

டாக்டர் குதிரையின் பிடரி மயிரை விலக்கிக் காட்டினார். அடியில் உண்ணி அப்பிக் கிடந்தது. சாணத்தைப் பார்த்துவிட்டுக் குடலில் புழுவும் நிறைய இருக்கிறது என்றார். "தீனி பத்தாம இல்லம்மா. நீங்க போடப் போட உள்ளயும் வெளியயும் இதுங்க ரத்தத்தக் குடிக்குது. முதல்ல இதுங்கள எடுக்கணும். அப்புறம் கொள்ளக் கொறச்சுட்டுப் பச்சத் தீவனம் போடுங்க." கறிச்சாறு மட்டும் வேண்டவே வேண்டாம் என்று மாமனாரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

மருந்து கொடுத்தோம். உட்கார்ந்து உட்கார்ந்து உண்ணி பொறுக்கினோம். என் வீட்டுக்காரர் பூதிகோட்டை விவசாயி ஒருவரிடமிருந்து குதிரைமசால் தழை கட்டுக்கட்டாக வண்டியில் கொண்டுவந்தார். குதிரை மெல்ல நிமிர்ந்தது, வாலை வீசி ஈ ஓட்டத் தொடங்கியது. டாக்டர் மறுபடி வந்து உதட்டைத் தூக்கியபோது ஈறு இளஞ்சிவப்பாக இருந்தது. நான் அழுதே விட்டேன்.

மாமனாருக்கு இப்போது எதிரிலேயே உட்கார்ந்து சாறு கொடுக்கிறேன். கடைசிச் சொட்டு வரை குடித்தால்தான் எழுந்திருப்பேன். குதிரையின் ஈறு சிவந்த அன்றைக்கு, டாக்டர் போன பிறகு மாமனாரின் இமையை இழுத்துப் பார்த்தேன். அதே வெளுப்புதான்.

"ஏறிக்கீதா?" என்றார்.

"ஏறிக்கீது மாமா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குதிரை பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுக்கு உண்ணி இருந்துச்சு, எடுத்தாங்க. புழு இருந்துச்சு, எடுத்தாங்க. எனக்குள்ள இருக்கிறத யாரும்மா எடுப்பாங்க?"

நான் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.