உப்புத் தண்ணீர் பாய்ந்த எலுமிச்சை மரங்கள்

அண்ணன் இறந்த பிறகும் தோட்டத்து மோட்டார் தினமும் ஓடியது. யாரும் போய்ச் சுவிட்சைப் போடவில்லை. மும்முனை மின்சாரம் வந்தவுடன் தானாக ஓடும்படி அவன்தான் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் வைத்திருந்தான். காரணம் தெரிந்திருந்தும், அந்தச் சத்தம் கிளம்பும்போதெல்லாம் நான் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

சுரண்டையிலிருந்து வீரகேரளம்புதூர் போகிற வழியில் இருக்கிறது எலுமிச்சைத் தோட்டம். மேல்கோடியில் பழைய கிணறு. அது வற்றத் தொடங்கியதும் அண்ணன் கீழ்க்கோடியில் ஆழ்துளைப் போர் போட்டான். தண்ணீர் நிறைய வந்தது, ஆனால் வாயில் விட்டால் கரித்தது. மழை பெய்தால் சரியாகிவிடும் என்று சொல்லிப் பாய்ச்சினான். ஒருநாள் மத்தியானம் மோட்டார் அறைக்குப் பின்னால் நெஞ்சு வலித்து விழுந்துவிட்டான். அவன் மனைவி, என் மதினி, சோற்றுத் தூக்கோடு போனபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. தண்ணீர் திருப்பப் போயிருப்பான் என்று நினைத்து, மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்திருக்கிறாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

நான் தென்காசியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. மதினி தனியாக இருக்கிறாளே என்று சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்விடுவேன். முதல் தடவை போனபோது நாங்கள் இருவரும் காலையிலேயே சமைத்து முடித்திருந்தோம். தோட்டத்துப் பக்கமிருந்து மோட்டார் சத்தம் கேட்டதும் மதினி எழுந்து மறுபடியும் உலை வைத்தாள்.

"யாருக்கு மதினி?"

"ஒங்க அண்ணன் வந்துட்டாவல்லா. சத்தம் கேக்கலையா?"

வெயில் ஏறிவிட்டது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். சோற்றை அவன் தட்டில் போட்டு மூடி வைத்தாள். சாயங்காலம் அதை எடுத்து மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். அவள் மட்டும் சரியாகச் சாப்பிடவே இல்லை.

தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். வாய்க்கால் கரை நெடுக வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கீழ்க்கோடி மரங்களில் முதிர்ந்த இலைகள் நுனி கருகி உதிர்ந்து கிடந்தன.

"மோட்டார நிப்பாட்டணும் மதினி. இந்தத் தண்ணிதான் மரத்தக் கொல்லுது."

"அத மட்டும் தொடாத. அவிய வச்சபடிக்கு ஓடுது. ஓடட்டும்."

அடுத்த வாரம் அவளுக்குத் தெரியாமல் நிறுத்திவிடலாம் என்று போனேன். ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியில் கிரீஸ் கறுப்பாக ஒட்டியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான் அது அண்ணனின் விரல் தடம் என்று தெரிந்தது. யாரோ பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல இருந்தது. தொடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

உப்பு வேரைத் தொட்டவுடன் செடிக்குள் என்ன நடக்கும் என்பதை வருடாவருடம் வகுப்பில் சொல்லுகிறவள் நான். வேரிலிருந்து கால்சியம் அலைபோலக் கிளம்பி, ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவி மேலே போகும். இலையில் ஆப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும். அது போய்ச் சொன்னதும் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். உள்ளே வந்த உப்பைச் செடி செல்லுக்குள் இருக்கும் குமிழிப் பையில் அடைத்து வைக்கும். முடியாததை முதிர்ந்த இலைகளில் சேர்த்து உதிர்த்துவிடும். கரும்பலகையில் எழுதும்போது அது பாடமாகத்தான் இருந்தது. அந்தத் தோட்டத்தில் நின்றபோது, இத்தனை மரங்களும் சத்தமில்லாமல் என்னவோ சொல்லிக்கொண்டிருக்க, நாங்கள் மோட்டார் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பட்டது.

மதினிக்குக் காட்டிவிடுவது என்று முடிவு செய்து, என்னிடமிருந்த சின்ன மைக்ராஸ்கோப்பை எடுத்துப் போனேன். இலைத்துளையைப் பார்க்க நகப்பூச்சு போதும். இலையின் அடிப்பக்கம் பூசி, காய்ந்ததும் டேப்பால் உரித்தால் அச்சு அப்படியே வந்துவிடும்.

"நெயில் பாலிஷ் இருக்கா மதினி?"

தயங்கிவிட்டு, பீரோவிலிருந்து நிறமில்லாத பூச்சுப் புட்டி ஒன்றை எடுத்து வந்தாள். அண்ணன் வாங்கிக் கொடுத்தது. மூடி இறுகியிருந்தது. அவளே முந்தானையால் பிடித்துத் திருகித் திறந்தாள்.

காலை வெயிலிலேயே மேல்கோடி மரத்தில் ஒன்று, கீழ்க்கோடி மரத்தில் ஒன்று என்று அச்சு எடுத்தேன். மரத்தடியில் வைத்த மைக்ராஸ்கோப்பில் மதினி குனிந்து பார்த்தாள். முதலாவதில் துளைகள் சின்னச் சின்ன உதடுகளாகத் திறந்திருந்தன. இரண்டாவதை வெகுநேரம் பார்த்தாள்.

"இது எல்லாம் வாய மூடிக்கிட்டு இருக்கே."

"வேரு சொல்லியிருக்கு மதினி. உப்பு வந்துட்டு, தண்ணிய வெளிய விடாதன்னு."

"வாய மூடிக்கிட்டா பசிக்காதா அதுக்கு?"

"பசிக்கும். காத்து உள்ள போனாத்தானே சாப்பாடு உண்டாக்க முடியும்?"

"அப்ப எத்தன நாளைக்கு இப்படி இருக்கும்?"

"ரொம்ப நாளைக்கு முடியாது மதினி."

முதலாவதை இன்னொரு தடவை வைக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து மோட்டார் அறைக்குள் போனாள். நான் பின்னால் போகவில்லை. ஆட்டோ சுவிட்சை அவளே திருப்பி வைத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் மும்முனை வந்தது பக்கத்துத் தோட்டத்து மோட்டாரில் தெரிந்தது. எங்களுடையது ஓடவில்லை. மதினி அடுப்படியில் அரிசிப் படியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சாவு வீட்டில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

மழைக்குப் பிறகு பழைய கிணற்றில் தண்ணீர் ஊறியது. கீழ்க்கோடியில் பல மரங்கள் போய்விட்டன. மீதி துளிர்த்தன. மதினி காய்களைச் சாக்கில் கட்டிப் புளியங்குடி மார்க்கெட்டுக்குத் தானே கொண்டுபோனாள்.

சீசன் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் தலையைக் கொடுத்து நின்றாள். ஈரத்தலையோடு வெளியே வந்து, சுடச்சுட மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டே சொன்னாள்.

"அவியளுக்கு அருவின்னா பயம் தெரியுமாட்டி? கல்யாணமான புதுசுல எங்க வீட்டு ஆளுகளோட இங்கன வந்தோம். எல்லாரு துணியையும் மடியில வச்சுக்கிட்டு, நான் காவலு இருக்கேன், நீங்க போங்கன்னுட்டாவ."

கூடப் பிறந்த எனக்கு அது தெரியாது. கைப்பிடிக் கம்பி ஓரமாகப் பார்த்தேன். குளிக்கப் போனவர்களின் துணிகளை மடியில் வைத்துக்கொண்டு நாலைந்து ஆண்கள் சாரலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.