கையைக் காட்டச் சொன்ன டாக்டர்

டாக்டர் செண்பகவல்லி காலமான செய்தி வாட்ஸ்அப்பில்தான் வந்தது. கண்ணீர் அஞ்சலிப் படங்கள் வரிசை கட்டியும் நான் நம்பவில்லை. விருதுநகரில் அவருடைய தங்கைக்குப் போன் போட்டு, அவர் வாயால் கேட்ட பிறகுதான் உட்கார்ந்து அழுதேன். அவரோடு வேலை பார்த்த நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள்.

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைத் தொழிலாளர்களின் தீக்காயத்துக்கு ஒரு புதுக் களிம்பைச் சோதித்தபோது, கண்காணிப்புக் குழுவுக்கு அவர் தலைவர், நான் உறுப்பினர். பாதிப் பேருக்குக் கட்டில்லாமல் களிம்பு மட்டும். மீதிப் பேருக்கு வழக்கமான மருந்தும் கட்டும். முதல் ஆள் சேரும் முன்பே, என்ன நடந்தால் சோதனையைப் பாதியில் நிறுத்துவது என்று எழுத வைத்தார். "மருந்து நல்லா கேக்குதுன்னு நிறுத்த நிறைய சாட்சி வேணும். கெடுதல்னா கொஞ்சம் போதும்" என்பார். இந்த அம்மாவுக்குச் சொந்த நிழல் மேலேயே சந்தேகம் என்று மருந்துக் கம்பெனிக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

தீபாவளி சீசன் மும்முரத்தில், சோதனை முடியும் முன்பே இதுவரை யார் எப்படி ஆறினார்கள் என்று இடைக்கணக்குப் பார்த்தோம். களிம்பு பூசியவர்கள் வெகு சீக்கிரம் ஆறியிருந்தார்கள். நிறுத்திவிட்டு எல்லோருக்கும் களிம்பே கொடுக்கலாம் என்றேன். அந்த நேரம் பார்த்து மருந்துக் கம்பெனி மேலாளர் பால்கோவாவோடு வந்து நின்றார். செண்பகவல்லி அதைத் தொடவில்லை. மேலாளர் போனதும், "கதவைச் சாத்திட்டுத்தானே பார்த்தோம்? இவருக்கு யார் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார். அது இன்றுவரை தெரியாது. பிறகு, காயம் ஆறியதை யார் கண்ணால் பார்த்தது என்று விசாரித்தார். யாரும் பார்க்கவில்லை. வேலைக்குத் திரும்பிய நாளையே ஆறிய நாளாக எடுத்திருந்தார்கள்.

மறுநாள் காலை எம். புதுப்பட்டியில், வேலையாட்களை ஏற்றிப்போகப் பட்டாசு ஆலை வேன் நிற்கும் இடத்துக்கு என்னையும் இழுத்துப் போனார். களிம்பு வாங்கிய முத்துலட்சுமி அங்கே நின்றாள். ஆறிவிட்டது என்றாள்.

"கையக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

முழுக்கைச் சட்டையின் கையை மேலே தள்ளினாள். பச்சைப் புண், அதன்மேல் பட்டாசு மருந்து படிந்து சீழ் வைத்திருந்தது.

"கட்டுப் போட்ட கைன்னா கேட்டுலயே திருப்பி அனுப்பிருவாகம்மா. களிம்புன்னா வெளிய தெரியாது. சீசன்ல ஆறலைன்னு வீட்ல கெடந்தா, அடுத்த வருசம் கூப்பிட மாட்டாக" என்றாள்.

எல்லோருடைய கையையும் பார்த்தோம். களிம்புப் பக்கம்தான் சீழ் அதிகம். சோதனையைப் பாதியில் நிறுத்தினோம். ஆனால் கெடுதல் என்று. முத்துலட்சுமியின் கை தப்பியது.

போதிய ஆள் சேராததால் நிறுத்தம் என்று அறிக்கையில் போட்டுவிடலாமே என்று மருந்துக் கம்பெனி கேட்டது. "எப்பப் பார்த்தோம், என்ன விதி, எதுக்கு நிறுத்தினோம், எல்லாம் முதல் பக்கத்துல வரணும். இல்லைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். வந்தது.

போன மாதம் போனில், உடம்பு இப்போது தேவலை, அலைய வேண்டாம் என்றார். நான் நம்பவில்லை. அன்றே பஸ் ஏறிப் போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"நான் சொன்னதை நம்பலையாக்கும்?"

"இல்லை. கையக் காட்டுங்க" என்றேன்.

நீட்டினார். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரிடமிருந்து நான் பெற்று வைத்திருப்பது இந்தச் சந்தேகம்தான். அது இல்லையென்றால் அந்தக் கையைக் கடைசியாக ஒருமுறை பிடித்திருக்க மாட்டேன்.