படுக்கையிலிருந்து பார்க்க ஒரு தொட்டி

ஜப்பானின் நீகாதாவில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர் இசாமு. குடி கிடையாது, சீட்டு கிடையாது. அவருக்கிருந்த ஒரே கிறுக்கு மீன்தொட்டி. அதுவும் மீனுக்காக அல்ல. கண்ணாடிக்குள் கல்லும் வேரும் செடியும் வைத்து மலை, காடு, ஓடை என்று ஒரு சீமையையே எழுப்ப வேண்டும், அதுதான் பித்து. கல்லைக் கையில் எடுத்துவிட்டால் சோறு ஆறும், குளிக்க வைத்த வெந்நீர் ஆறும், கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கிமியேவுக்குத் தொண்டை வறளும். மனிதருக்குக் காதே கேட்காது.

கிமியே அவருடைய மனைவி. அரிசி பிஸ்கட் ஆலையில் பாக்கெட் போடும் வேலையில் பாதி ஆயுசைக் கழித்தவள். செடி கொடியெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை, மீன்தான் பிடிக்கும். தொட்டியில் பாசி தின்கிற நீள மீன் ஒன்று இருந்தது. ஒவ்வொரு இலையாகப் போய் முகர்ந்து பார்க்கும். அதற்கு அவள் வைத்த பெயர் சூப்பர்வைசர்.

"எங்க ஆலையில இருந்தவனும் இதே மாதிரிதாங்க. ஒரு வேலை செய்ய மாட்டான், எல்லாத்தையும் மோந்து பாப்பான்" என்பாள்.

இந்தத் தொட்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இன்று வைக்கிற கல்லை இன்றைய அழகுக்காக வைக்க மாட்டார்கள். புல் படர்ந்து, வேரில் பாசி மூடி, எல்லாம் உச்சத்துக்கு வருகிற ஒரு நாளைக் கணக்கு வைத்தே திட்டம் போடுவார்கள். அந்த நாளில் படம் எடுத்துப் போட்டிக்கு அனுப்பிவிட்டுத் தொட்டியைக் கலைத்துவிடுவார்கள். படம் எடுக்கும்போது தண்ணீரில் அலை தெரிய வேண்டுமென்று மேலிருந்து ஹேர் டிரையரைப் பிடிப்பது கிமியேவின் வேலை.

"தண்ணிக்கு இத்தனை வருஷமா காத்து பிடிக்கிறேன். என் தலைக்கு ஒரு நாளாவது நீங்க பிடிச்சிருப்பீங்களா?"

"ஆட்டாத. நேராப் பிடி" என்பார் இசாமு.

அந்தப் பனிக்காலத்தின் முடிவில் கிமியேவுக்கு வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கூடவே வாடகைக் கட்டிலும் வந்தது. பராமரிக்க வருகிற பெண் தொட்டி இருந்த அறையில் கதவுக்குப் பக்கத்து மூலையைக் காட்டினாள், கட்டிலை அங்கே போட்டார்கள். இதயமும் பலவீனம், எதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் இசாமுவைத் தனியே அழைத்துச் சொன்னார்.

மூலையிலிருந்து பார்த்தால் தொட்டியின் குறுகிய பக்கம்தான் தெரியும். குழாய்கள், வேரின் முதுகு, அழுக்குக் கண்ணாடி. தொட்டியைக் கட்டியதே எதிரே உட்கார்ந்து பார்க்கிறவருக்காக. எப்போதாவது சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தால் கிமியேவின் முகம் மலரும்.

அதைப் பார்த்ததும் இசாமுவுக்கு ஒன்று உறைத்தது. இவளுக்கென்று நாம் இதுவரை என்ன செய்தோம்? உடனே அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் புத்தி ஓடியது. தொட்டியைக் கலைப்பது, குறுகிய பக்கத்தையே முகமாக்குவது, நீளவாக்கில் உள்ளே போகிற ஒரு பள்ளத்தாக்கு, கடைசியில் ஓடை!

"நல்லாத்தான இருக்கு, ஏங்க கலைக்கிறீங்க?" என்றாள் கிமியே. பேச்சு கொஞ்சம் குழறியது.

"உனக்காகத்தான். முடிஞ்சப்புறம் பாரு, அசந்துபோவ."

மீன்களை எடுத்துக்கொண்டு மீன்தொட்டிக் கடை ஹிராசாவாவிடம் போனார். ஹிராசாவா தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, படுத்திருக்கிறவங்களுக்கு இன்னைக்குப் பாக்க ஏதாவது வேணும்ண்ணே. புது மண்ணு போட்டா மீன் விடவே எவ்வளவு நாளாகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கே பாடம் எடுக்கிறியா? மீனைப் பத்திரமா வச்சிரு, போதும்."

வீட்டில் அட்டைப் பெட்டிக்குள் மணலைக் கொட்டிக் கற்களை வைத்துப் பார்த்தார். தலைக்கல் எது, அதற்குத் துணைக்கல் எது, புல்லுக்குள் மூழ்கிப்போகிற சின்னக்கல் எது என்று மாற்றி மாற்றி வைத்தார். அவள் கண் மட்டத்துக்குக் கோணம் சரியாக வர வேண்டுமே! கட்டிலில் ஏறி, அவள் தலையணையிலேயே தலையை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு படுத்தார்.

கிமியே சிரித்தாள். "இவ்வளவு பக்கத்துல நீங்க படுத்து எவ்வளவு காலமாச்சு!"

"பேசாத. தலை அசையுது, கோணம் மாறுது."

அவள் நல்ல கையை எடுத்து அவர் தலைமுடிமேல் வைத்தாள். இசாமு அதைக் கவனிக்கக்கூட இல்லை, துணைக்கல் கொஞ்சம் இடப்பக்கம் சாய வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷன்!

சின்ன இடுக்கியால் ஒவ்வொரு இழையாகப் புல் நட்டார். தண்ணீர் நிரப்பியதும் வெள்ளையாகக் கலங்கியது. எந்தப் புதுத் தொட்டியும் அப்படித்தான். கிமியேவுக்குத் தெரிந்ததெல்லாம் கலங்கல் தண்ணீரும் மொட்டைக் கற்களும்தான். சேப்பங்கிழங்குக் குழம்பை ஊட்டும்போதெல்லாம் அவள் கேட்பாள்.

"சூப்பர்வைசர் எப்ப வருவாரு?"

"லீவுல போயிருக்காரு. தண்ணி பக்குவமாகட்டும், வந்துருவாரு."

"ரொம்ப நீளமான லீவா இருக்கே."

"அவசரப்பட்டா செத்துப்போகும். பொறுத்துக்கோ."

செர்ரி பூத்து உதிர்ந்தது. வயல்களில் நாற்று நட்டார்கள். தண்ணீர் தெளிந்தது, புல் மெல்ல ஓடத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் படரட்டும், அப்புறம் மீன் விடலாம் என்று இசாமு தள்ளிப்போட்டார். முழு அழகோடு அவளுக்குக் காட்ட வேண்டும். அரைகுறையாய்க் காட்ட அவருக்கு மனம் ஒப்பவில்லை. கிமியேவும் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். பெரும்பாலும் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள்.

மழை பிடித்த வாரத்தில், ஒரு காலையில், கஞ்சியை எடுத்துக்கொண்டு இசாமு உள்ளே வந்தபோது கிமியே எழுந்திருக்கவில்லை.

காரியங்களெல்லாம் முடிந்தன. புல்லுக்கு அதைப் பற்றி என்ன கவலை? பச்சைப் பசேலென்று படர்ந்து உச்சத்துக்கு வந்தது. ஹிராசாவா மீன்களைத் தானே கொண்டுவந்து விட்டுவிட்டு, கிமியேவின் படத்துக்கு ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனான். பள்ளத்தாக்கு அச்சு அசல் பள்ளத்தாக்காகவே நின்றது. ஆனால் அறையில் எங்கே நின்று பார்த்தாலும் கோணல்தான். அந்தத் தலையணையிலிருந்து பார்த்தால் மட்டுமே அது சரியாகத் தெரியும்.

கட்டிலைத் திரும்ப எடுத்துப்போக வாடகைக் கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மெத்தையைச் சுருட்டினார்கள். ஒருவன் குனிந்தான், காலடியில் எதையோ மிதித்தான், டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் ஒற்றைக் கையால் கட்டிலைத் தள்ளினான். மூலையிலிருந்து விலகி, வழுக்கிக்கொண்டு வந்து, ஒரு வட்டம் அடித்து, தொட்டியின் நீளப்பக்கத்துக்கு நேர் எதிரே கட்டில் நின்றது.

இசாமு குனிந்து கட்டிலின் காலைப் பார்த்தார். "இது... உருளுமா?"

"உருளாம? நாலு காலுலயும் சக்கரம் இருக்கேங்க. பூட்டை எடுத்துட்டா போதும், கொழந்தைகூட தள்ளும்."

தலைமாட்டிலிருந்து தொட்டிக்குக் கை எட்டும் தூரம்தான். பழைய தொட்டி, கலைக்காத தொட்டி, மீனோடு அங்கேதானே இருந்தது! ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே, ஒரு தள்ளு தள்ளியிருந்தால்! அவருக்குக் கல்லைத் திருப்பத் தெரிந்தது, வேரைத் திருப்பத் தெரிந்தது. பெண்டாட்டி படுத்திருந்த கட்டிலைத் திருப்பலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை.

"என்னங்க ஐயா, ஏதாவது விட்டுப்போச்சா?" என்றான் தள்ளியவன்.

"இல்ல" என்றார் இசாமு. "எடுத்துட்டுப் போயிருங்க. சீக்கிரமா எடுத்துட்டுப் போயிருங்க."