அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே வாயசைவு

“வீட்டில் யாரும் கையால் பேச வேண்டாம். வாயைப் பார்த்துப் பழகட்டும்.”

திண்டுக்கல்லில் காது கேளாத குழந்தைகளுக்கென்று நடந்த பயிற்சி வகுப்பின் நோட்டில், சிவப்பு மையில் இப்படி இருக்கிறது. மேலே ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை என்று குறித்த டீச்சர் ஆண்டைப் போடவில்லை. என் தங்கை செல்விக்கு அப்போது ஐந்து வயது, எனக்குப் பத்து. அதை வைத்து ஒரு ஆண்டைப் பென்சிலில் எழுதி, பிறகு சந்தேகப்பட்டு அழித்திருக்கிறேன்.

அப்பா வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்த்தார். மெஷின் இரைச்சலில் அங்கே எல்லோரும் கையாலும் வாயசைவாலும்தான் பேசிக்கொள்வார்கள். அந்த ‘மில்லுப் பாஷை’யைத்தான் செல்விக்கும் பழக்கியிருந்தார். மூக்கைத் தொட்டால் மூக்குத்தி போட்ட அம்மா, மீசையை நீவினால் அப்பா. ‘ஷிப்டு முடிஞ்சது’ என்ற சைகை அவளுக்குச் சாப்பாடு முடிந்தது என்றாகியிருந்தது. நோட்டைப் படித்ததும் அம்மா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

“எட்டு மணி நேரம் கையிலதேன் பேசுறோம். எங்க வாயி என்ன அவிஞ்சா போச்சு?” என்றார் அப்பா.

“நீங்க வாய் வந்த பெறகு மில்லுக்குப் போனீக. இவளுக்கு இன்னும் வரவே இல்லையே.”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். அம்மா சொன்னது தவறென்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு “அப்பா எங்க?” என்று கேட்பார், செல்வி அம்மாவைத் தொடுவாள். “அம்மா எங்க?” என்றால் அப்பாவைத் தொடுவாள். மறுநாள் மாறி வரும். பிறகு அவள் முகங்களைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, சுவரைப் பார்த்து உட்காரத் தொடங்கினாள். பிள்ளைக்குப் புத்தியும் இல்லையோ என்று அம்மா அழுத அன்று, அப்பா எதிரே உட்கார்ந்து சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தார்.

“இப்ப என்ன சொன்னேன்?”

“அம்மான்னீக.”

“அப்பான்னேன். ஒனக்கே தெரியல, அம்புட்டூண்டு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?”

அடுத்த நாள் முதல் வாயும் கையும் சேர்ந்தே பேசின. அவளை வகுப்புக்குக் கூட்டிப்போவது நான்தான்; இதைப் பற்றி டீச்சரிடம் வாய் திறக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அதே மாதம் காது மெஷினும் வந்தது. சில வாரங்களில் செல்வி மூக்கைத் தொட்டுக்கொண்டே, குரலோடு, “அம்மா” என்றாள். நோட்டில் டீச்சர், “கையை நிறுத்தியதன் பலன்” என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு அம்மா யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்தச் சொல்லைக் கொண்டுவந்தது கையா, மெஷினா, வெறும் வயதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வகுப்பு நடந்த மாடியில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. செல்வி ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். பேசுகிறாள், சைகையும் செய்கிறாள். போன மாதம் பேச்சுவாக்கில், நாங்கள் டீச்சரை ஏமாற்றிய கதையை அவளிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

“டீச்சரும் கதவைச் சாத்திட்டு எங்ககிட்ட கையிலதான் பேசுவாங்க, அக்கா. வீட்ல சொல்லிராதன்னு சொல்லியிருந்தாங்க.”

அவளோடு படித்தவர்கள் யாரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. டீச்சர் எந்த ஊரில் இருக்கிறார் என்றும் தெரியவில்லை. ஆகவே இது செல்வி சொன்னது மட்டுமே. இன்னும் சரிபார்க்கப்படவில்லை.