தாங்கிக்கொண்ட கீரை

புவாக்காமுக்கு எதிலும் அவசரம். ஆவியில் வேகும் ஒட்டரிசியை நாலு தடவை திறந்து பார்க்கிறவள். அவளைப் போய்ச் சோதனை முடிவு வரும்வரை பொறுத்திரு என்றால் நடக்கிற காரியமா?

மலைமேல் துத்தநாகச் சுரங்கத்தை மூடி வருடங்கள் ஆகியும், ஓடையில் வந்த காட்மியம் என்ற நச்சு உலோகம் வயலை விட்டுப் போகவில்லை. அவள் அப்பாவின் சிறுநீரகத்தைத் தின்றது அதுதான். அந்தப் பக்கத்துக் கீரையைச் சந்தையில் ஒருத்தியும் தொடமாட்டாள். கீரை விற்காவிட்டால் எரிசாராய ஆலைக்குக் கரும்பு போட வேண்டியதுதான். கரும்பைக் கண்டாலே புவாக்காமுக்கு ஆகாது.

கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த நிச்சா, செடியின் உடம்பிலேயே ஊறுகிற ஹார்மோன் ஒன்றைத் தண்ணீரில் கலந்து, கடுகுக்கீரை நாற்றுகளுக்குத் தெளிக்கக் கொடுத்தாள். வழக்கமாக மஞ்சளித்துச் சுருண்டுபோகும் நாற்றுகள் இந்த முறை மதமதவென்று எழும்பின. சோதனைக்கு இலை கொண்டுபோனவள், முடிவு தெரியும்வரை யாரும் சாப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அன்றிலிருந்து புவாக்காம் வயலுக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தாள்.

முதல் அறுப்பு புத்தத் துறவியின் திருவோட்டுக்குப் போவது ஊர் வழக்கம். ஒரு நாள் காலை அவளுக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. இவ்வளவு பச்சையிலா விஷம் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குழம்பு வைத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி, துறவியாகிவிட்ட தன் அண்ணன் இந்தோனின் திருவோட்டில் இட்டாள். கூட நின்று உணவிட்ட சந்தைப் பெண்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் இட்டாள்.

புவாக்காம் வீடு திரும்பியதும் நிச்சா கைபேசியில் அழைத்தாள். முடிவைக் கேட்டவள் செருப்பைக்கூட மாட்டாமல் அண்ணன் இருக்கும் கோயிலுக்கு ஓடினாள்.

இந்தோன் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். துறவி கையில் இருப்பதைப் பெண் தொடக்கூடாது. திருவோட்டில் விழுந்ததை வேண்டாம் என்கிறவரும் அவர் அல்ல. சற்றுத் தள்ளி அதே சந்தைப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் சொன்னால் அவள் கீரைக் கதை அன்றோடு முடிந்தது. எப்போதும் முந்திக்கொள்ளும் பாழாய்ப்போன வாய், இப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது.

“அதச் சாப்பிடாதீங்க சாமி,” என்றாள் கடைசியில்.

“நல்லா பச்சப்பசேல்னு இருந்துச்சுன்னாங்களே?”

“செடி தாங்கிக்கிச்சு சாமி. விஷம் எலைக்குள்ள அப்படியேதான் இருக்காம்.”

இந்தோன் பையை மறுபடி கட்டித் தரையில் வைத்தார்.

“அப்பாவும் அப்படித்தாம்மா. பாக்க நல்லாத்தான் இருந்தாரு.”

புவாக்காம் பையை எடுத்துக்கொண்டு நேரே வயலுக்குப் போனாள். அழுதுகொண்டே கீரையைப் பிடுங்கினாள். வேர் நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு பாத்தி முடிவதற்குள் கை நொந்துவிட்டது.