உறுமல் நின்ற மாதம்

எங்கள் நாய் உறுமியதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். திருத்தங்கலில் தினசரி காலண்டர் அடிக்கும் அச்சகமொன்றில் பிழை திருத்துகிறவன் நான். அச்சில் வீணான தாள்களின் பின்புறத்தில் குறிப்பு எழுதுவது நெடுநாள் பழக்கம். அந்தத் தாள்களை இப்போது படித்தால், என் முட்டாள்தனம் நாள் தவறாமல் பதிவாகியிருக்கிறது.

சீசனில் பட்டாசு லேபிள் கட்டுகள் வீட்டுக்கு வரும். மனைவி அவற்றை நூறு நூறாக எண்ணிக் கட்டிக் கொடுப்பாள். வாசலில் இறக்கிய கட்டை ஆடுகள் மென்றுவிடும். குட்டியாக இருந்த நாய் ஒருநாள் கட்டின்மேல் ஏறிப் படுத்து, வந்த ஆட்டைப் பார்த்து உறுமியது. பிஸ்கட் போட்டோம். அடுத்த வாரம் லோடு இறக்க வந்தவரைப் பார்த்தும் உறுமியது.

"என்ன அண்ணாச்சி, வாட்ச்மேன் போட்டுட்டீகளா?" என்று அவர் பின்வாங்கினார். சிரித்துக்கொண்டே இன்னொரு பிஸ்கட் போட்டோம். காலடியில் கிடப்பது தன்னுடையது, அதை விடாமல் காத்தால் வீடே மகிழும் என்று அது புரிந்துகொண்டது. புரிய வைத்தது நாங்கள்.

மகளுக்கு நான்கு வயதானபோது அது தன் சோற்றுத் தட்டையும் படுக்கும் சாக்கையும் காக்கத் தொடங்கியிருந்தது. ஆடி முதல் செவ்வாயன்று, அது கவ்விக்கொண்டு போன தன் செருப்பை எடுக்கப் போனாள் மகள். அவளைப் பார்த்து உறுமியது. கையிலிருந்த அட்டைக் குழலால் நாயின் முதுகில் அடித்தேன். அதன்பின் ஒவ்வோர் உறுமலுக்கும் ஓர் அடி. முதல் வாரம் தாளில் இடம் போதவில்லை. மூன்றாம் வாரம் இரண்டே வரி. ஆவணி பிறந்ததும் எழுத ஒன்றுமில்லை. 'திருந்திவிட்டது' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை, நாயின் காலித் தட்டை ஓரமாக வைக்கக் குனிந்தாள் மகள். உறுமல் இல்லை, பல்லைக்கூடக் காட்டவில்லை. கடித்தது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே, கன்னத்தில் இரண்டு பல் இறங்கியிருந்தது.

மகளுக்கு ஊசிகள் போட்டு முடிந்த பிறகு கால்நடை மருத்துவரிடம் போனேன்.

"உறுமுனப்ப என்ன செஞ்சீக?"

"அடிச்சேன், சார்."

"கிட்ட வராதன்னு அது சொல்லிக்கிட்டு இருந்திருக்கு. நீங்க அதச் சொல்லவிடாமப் பண்ணிட்டீக. கோவம் அங்கனயேதான் இருக்கு."

சாப்பாட்டைப் பூட்டிய அறையில் வைக்க வேண்டும், அது கவ்வியதைப் பிடுங்காமல் வேறொன்றைப் போட்டு மாற்றி வாங்க வேண்டும், பிள்ளையோடு ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது என்றார். சரியாகிவிடுமா என்று கேட்டேன். "கொறையலாம். நம்பி மட்டும் விட்றாதீக."

கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். ஆனால் சீசனில் இரண்டு பேருக்கும் கை நிறைய வேலை. ஒரே வாரத்தில் இரண்டு முறை அந்த அறைக்குத் தாழ்ப்பாள் போட மறந்தோம். இரண்டாவது முறை கதவைச் சாத்திவிட்டு வந்த மனைவி கேட்டாள்: "எழுதி எழுதி அடுக்குனீகளே, அதுல எந்தத் தாளு எம்புள்ள மூஞ்சியக் காப்பாத்துச்சு?" நாயைக் கொடுத்துவிடச் சொன்னாள். காவலுக்கு நாய் தேடிக்கொண்டிருந்த மல்லாங்கிணறு ஊர்க்காரர் ஒருவருக்குச் சொல்லி அனுப்பினேன்.

வந்தவர் நாயைப் பார்த்ததும் மலர்ந்தார். "நல்லாக் கடிக்குமா?"

"கடிக்கும். சத்தமில்லாமக் கடிக்கும். எம்மகளையே கடிச்சிருக்கு."

"நமக்கு அதுதான் வேணும். கடலைக் காட்டுல பன்னித் தொல்ல தாங்கல." சங்கிலியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

மனைவி டீ கொடுத்தபடி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள்.

"பேரப்புள்ளைக ரெண்டு. சின்னவ இப்பத்தான் தவழுறா. நாயின்னா உசுரு. சோறு வைக்கிறப்பவே பழகிக்கிரும்."

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். மனைவிதான் அவர் கையிலிருந்து சங்கிலியை வாங்கினாள். "வேணாங்க. மன்னிச்சிருங்க."

"ரெண்டு பஸ்சு மாறி வந்திருக்கேன், வெளையாடுறீகளா?" என்று டீயைக் குடிக்காமலே போனார்.

நாய் இப்போது பின்கட்டில், கம்பிக் கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. வயது மூன்று. இன்னும் பத்து வருடம் இருக்கும் என்கிறார் மருத்துவர். மகள் அந்தப் பக்கம் போவதில்லை, போகவேண்டும் என்று கேட்பதுமில்லை. பத்து வருடமும் ஒருநாள்கூடத் தாழ்ப்பாளை மறக்காமல் இருக்க வேண்டியவர்கள் நாங்கள் இருவர். ஒரே வாரத்தில் இரண்டு முறை மறந்தவர்களும் நாங்கள்தான்.