மாப்பிள்ளை மூச்சு விடவில்லை

என் அக்கா மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு, பல வருஷத்துக் கோபம். எதையும் முழுசாகச் சொல்ல மாட்டாள். போனில் பாதி சேதியைச் சொல்லிவிட்டு டப்பென்று வைத்துவிடுவாள். ஒருமுறை, "அப்பா ஆஸ்பத்திரியில இருக்காரு, ஓடி வா" என்றாள். பட்டறையிலிருந்து வெல்டிங் கண்ணாடியைக் கூடக் கழற்றாமல் ஓடினேன். உலகமே இருண்டு போனது துக்கத்தால் என்று நினைத்தேன். அப்பா ஆஸ்பத்திரி வாசலில் புதுத் தொப்பியோடு நிற்கிறார். வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறதாம்.

அக்கா சட்டைக் கம்பெனியில் இஸ்திரி போட்டவள். கம்பெனியை மூடியதும், "சூட்டுலயே வாழ்ந்தவ, சூட்டுலயே பொழைச்சுக்கறேன்" என்று குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றை வாங்கிப் பின்னறையில் வைத்தாள். தாய்க்கோழிக்குப் பதிலாகக் கரண்டு அடைகாக்கும். முதல் தடவையே பாதியில் கரண்டு போய், நாள் முழுக்க வரவில்லை. முட்டை அத்தனையும் வீண். முட்டைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு வாட்டி தரேன். அதுவும் போச்சுன்னா, ஆம்லெட் கடை வச்சுக்கங்கம்மா."

அதனால்தான் ஜெனரேட்டர் வாங்கினாள். புகை வீட்டுக்குள் வரக்கூடாது என்று கொல்லைப்புறத்தில், ஜன்னலுக்கு எட்டாத தூரத்தில், நானே இரும்புச் சட்டம் அடித்துத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தேன். எலக்ட்ரீஷியன் கைப்பிடி வைத்த பெரிய சுவிட்சு ஒன்றை மாட்டினார். மேலே தள்ளினால் தெருக் கரண்டு, கீழே தள்ளினால் ஜெனரேட்டர்.

"ரெண்டும் ஒரே நேரத்துல வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதும்மா. இருந்தா வீடே எரிஞ்சிடும்."

"நானும் என் மாமியாரும் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

இதெல்லாம் எனக்குத் தெரியும். ஜெனரேட்டருக்கு அவள் பெயர் வைத்ததுதான் தெரியாது. வந்த நாளாக ஒரு வேலையும் செய்யாமல், ஊற்றியதைக் குடித்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று அதை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள். அசல் மாப்பிள்ளை, அதாவது அவள் மகளின் வீட்டுக்காரர், அதே வீட்டில்தான் இருக்கிறார். பாவம், சாது.

ஒரு மத்தியானம் போன் வந்தது.

"டேய், மாப்பிள்ளை மூச்சு விடல! கயித்தைப் புடிச்சு இழுத்து இழுத்து என் கையே போச்சு. தொட்டுப் பார்த்தா சில்லுன்னு கிடக்காரு. சீக்கிரம் வா!" டப்.

கயிறா! அந்தச் சாது மனுஷர் தூக்கு மாட்டிக்கொண்டார் என்றே நினைத்துவிட்டேன். பட்டறைக்கு எதிரே இருக்கும் கிளினிக் நர்சம்மாவை இழுத்து வண்டியில் உட்கார வைத்துப் பறந்தேன்.

"கயித்தை அறுத்தாங்களா இல்லையா?" என்று பின்னாலிருந்து கத்தினார் நர்சம்மா.

"இன்னும் இழுத்துக்கிட்டு இருக்காம்மா!"

"ஐயோ, என்ன குடும்பம்யா உங்களுது!"

கதவைத் திறந்தது மாப்பிள்ளை. கை நிறையக் கம்பளிகளோடு, "வாங்க மாமா" என்றார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நர்சம்மா ஒரு வார்த்தை கேட்காமல் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். "நல்லாத்தானே துடிக்குது" என்றார், ஏதோ ஏமாந்துபோன மாதிரி.

உள்ளே கரண்டு இல்லை. அக்கா அந்தப் பெட்டியைப் போர்வையால் சுற்றிக் கட்டிப்பிடித்திருந்தாள். "இங்க என்னடா கொஞ்சல்? உள்ள கொத்த ஆரம்பிச்சிடுச்சுங்க. சூடு போயிடுச்சுன்னா ஓட்டுக்குள்ளயே செத்துடும். கொல்லைக்குப் போய் மாப்பிள்ளையைப் பாரு!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. திட்ட நேரமில்லை. ஓடிப்போய் ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தேன். ஒரு இருமல் கூட இல்லை. குனிந்து பார்த்தால் பெட்ரோல் குழாய் இறுக மூடியிருக்கிறது.

"யாரு இதை மூடினது?"

"நான்தான்" என்று உள்ளேயிருந்தே கத்தினாள் அக்கா. "சமையல் முடிஞ்சு கேஸை மூடறப்ப, இதையும் ஒரு எட்டு வந்து மூடிடுவேன். வீடுன்னா ஒரு பொறுப்பு வேணாமா?"

"மூடினா திறக்க வேணாமா?"

"கேஸுன்னா திறப்பேன். இதுல என்ன சமைக்கப் போறேன்?"

குழாயைத் திறந்து ஒரே இழுப்பு. டுபுடுபுடுபு என்று உயிர் வந்தது. மாப்பிள்ளை கைப்பிடியைக் கீழே தள்ளினார். பெட்டிக்குள் வெளிச்சம் வந்ததும் நர்சம்மா கை தட்டினார். கொஞ்ச நேரத்தில் ஒரு முட்டை விரிசல் விட்டது. ஈரமாக, அசிங்கமாக, அவ்வளவு அழகாக ஒன்று வெளியே விழுந்தது. அப்புறம் இன்னொன்று, அப்புறம் ஒன்றன்மேல் ஒன்று. அக்கா ஒவ்வொன்றுக்கும் குதித்தாள். சாது மாப்பிள்ளை கம்பளியைத் தலையில் சுற்றிக்கொண்டு ஆடினார். நர்சம்மாவுக்குக் கிளினிக் ஞாபகமே இல்லை.

வெயில் தாழ்ந்ததும் கரண்டு வந்தது. சுவிட்சை மேலே தள்ளிவிட்டு ஜெனரேட்டரை நிறுத்தினேன். அவ்வளவுதான், அத்தனை குஞ்சும் ஒரே கூச்சல். பெட்டியில் சூடு சரியாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளை ஓடிப்போய் ஜெனரேட்டரை மறுபடி ஓட்டினார். கப்சிப். எல்லாம் கொல்லைப் பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டன.

"பொறந்ததுலேர்ந்து கேட்ட சத்தம்ல" என்றாள் அக்கா. "அதைத்தான் அம்மான்னு நினைச்சிட்டிருக்குதுங்க!"

"அப்ப மாப்பிள்ளை அம்மா ஆயிட்டாரா?" என்றார் நர்சம்மா. அசல் மாப்பிள்ளை சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் பாதி முட்டை இன்னும் பொரிய வேண்டும். மறுபடி கரண்டு போனால் பெட்ரோல் வேண்டும், வெறும் சத்தத்துக்காக அதை எரிக்க முடியாது. அக்காவே போய் ஜெனரேட்டரை நிறுத்தினாள். கூச்சல் கிளம்பியது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"டேய், உன் தொண்டை எப்பவும் கரகரன்னுதானே இருக்கு? இப்படிப் பெட்டிக்கிட்ட வந்து உட்காரு. அதுங்க தூங்கற வரைக்கும் டுபுடுபுன்னு சொல்லிக்கிட்டே இரு."